பழைய டிவியில் கம்ப்யூட்டரைக் காட்டுவதா, மானிட்டர் வாங்குவதா?

கொங்குப் பக்கம் பல வீடுகளில் இரண்டு பொருள்களைத் தூக்கிப் போட மனம் வராமல் வைத்திருக்கிறார்கள். ஒன்று, 2006 தேர்தலுக்குப் பிறகு அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குலக் கலர் டிவி. இன்னொன்று, 2011 முதல் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த லேப்டாப். டிவியின் படக்குழாய் இன்னும் நன்றாகவே இருக்கும். லேப்டாப்பும் ஓடும், ஆனால் திரை விரிசல் விட்டிருக்கும், இல்லையென்றால் பாதி கறுத்திருக்கும். இரண்டையும் ஒரு ஒயரால் சேர்த்துவிட்டால் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் ஆகிவிடுமே என்று தோன்றுவது இயல்புதான். கம்பெனிகள் கழித்துவிட்ட பழைய டெஸ்க்டாப்பை வாங்கி வந்துவிட்டு, மானிட்டருக்குத் தனியாகச் செலவு செய்ய யோசிப்பவர்களும் உண்டு.

சேர்த்துப் பார்த்தவர்களில் நிறையப் பேருக்கு வருவது நீலத் திரை, அல்லது வெறும் கறுப்பு. அப்புறம்தான் கேள்வி வரும்: சிக்னலை மாற்றிக் கொடுக்கும் கன்வெர்ட்டர் வாங்கலாமா, செகண்ட் ஹேண்ட் மானிட்டர் வாங்கலாமா, லேப்டாப்புக்கே புதுத் திரை போடலாமா, இல்லை புது டிவிக்கே போய்விடலாமா?

என் கணக்கு ஒன்றுதான். அந்தத் திரையில் நீங்கள் பார்க்கப் போவது படமா, எழுத்தா? படம் என்றால் பழைய டிவியை ஓட்டலாம், சில நூறு ரூபாயில் வேலை முடியும். எழுத்து என்றால் படக்குழாய் டிவிக்காக ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

எதில் கோளாறு?

பணத்தை எடுக்கும் முன் கம்ப்யூட்டர், கேபிள், டிவி மூன்றில் எது காரணம் என்று பிரித்துவிட வேண்டும். கீபோர்டில் கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கிறது. விளக்கு அசையவே இல்லை, அல்லது உள்ளேயிருந்து பீப் சத்தம் விடாமல் வருகிறது என்றால் டிவியைக் குறை சொல்லிப் பயனில்லை. பழைய டெஸ்க்டாப்பாக இருந்தால் ரேம் பட்டையைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, திரும்ப அழுத்திச் செருகுங்கள். பல நேரம் இதற்கே வழிக்கு வந்துவிடும். கழற்றும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

டிவியைச் சோதிக்க வீட்டிலேயே கருவி இருக்கிறது. கேபிள் செட்டாப் பாக்ஸிலிருந்து வரும் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர்களைக் கம்ப்யூட்டருக்கு ஒதுக்கிய அதே ஓட்டையில் மாற்றிச் செருகுங்கள். சேனல் வந்தால் டிவி நன்றாக இருக்கிறது. வராவிட்டால் ரிமோட்டில் டிவி/ஏவி பட்டனைத் தட்டி (ஏவி என்பது அந்த மூன்று வண்ண ஓட்டைகளின் வழி) ஏவி ஒன்று, ஏவி இரண்டு என்று மாற்றிப் பாருங்கள். பழைய டிவிகளில் ரிமோட் தொலைந்து வெகுநாள் ஆகியிருக்கும். முன்பக்கப் பட்டன்களில் ஏவி என்று தனியாக இல்லாவிட்டால், சேனல் எண்ணைப் பூஜ்யத்துக்குக் கீழே இறக்கினால் சில மாடல்களில் ஏவி வந்துவிடும்.

லேப்டாப்பில் விண்டோஸ் விசையையும் பி-யையும் சேர்த்து அழுத்தினால் நான்கு தெரிவுகள் வரும். அதில் டூப்ளிகேட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் லேப்டாப்பில் தெரிவதே வெளித்திரையிலும் தெரியும். திரை உடைந்த லேப்டாப்பில் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்ய வேண்டியிருக்கும். பாஸ்வேர்டு போட்டு உள்ளே போகும் வரை பொறுத்து, விண்டோஸும் பி-யும் அழுத்தி, கீழ் அம்புக்குறியை (விண்டோஸ் 7 என்றால் வலது அம்புக்குறியை) ஒரு தட்டு தட்டி என்டர் கொடுத்துப் பாருங்கள். வரவில்லை என்றால் மறுபடி ஒரு தட்டு கூடுதலாகத் தட்டுங்கள். ஆன் செய்தவுடன் வரும் கம்பெனிப் பெயர் சில லேப்டாப்களில் வெளித்திரைக்கு வராது, விண்டோஸ் ஏறிய பிறகுதான் வரும். அதனால் முதல் அரை நிமிடக் கறுப்பைப் பார்த்துக் கை விட்டுவிட வேண்டாம்.

டெஸ்க்டாப்பில் இன்னொரு கண்ணி. பின்பக்கம் விஜிஏ ஓட்டை (மானிட்டர் ஒயரைச் செருகும் பழைய வகை ஓட்டை) இரண்டு இருந்தால், படத்துக்கென்று தனியாகச் செருகிய கிராபிக்ஸ் கார்டில் இருப்பதில்தான் பெரும்பாலும் படம் வரும், மதர்போர்டில் இருப்பது அணைந்திருக்கும். கடையிலிருந்து கொண்டுவந்து மாட்டும்போது இதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள்.

வெறும் ஒயர் என்ற ஏமாற்று

பழைய டிவி என்று எல்லாரும் ஒரே சொல்லில் சொன்னாலும் இதில் வகை உண்டு. ஆன்டெனா ஓட்டை மட்டும் உள்ள படக்குழாய் டிவி, ஏவி ஓட்டையும் உள்ள படக்குழாய் டிவி, பத்துப் பதினைந்து வருடத்துக்கு முந்தைய எல்சிடி. ஆன்டெனா ஓட்டை மட்டும் உள்ளதற்குக் கன்வெர்ட்டரும் வேண்டும், அதன் மேல், சிக்னலை ஆன்டெனா ஓட்டைக்கு ஏற்றபடி மாற்றும் ஆர்எஃப் மாடுலேட்டரும் வேண்டும். அந்தப் பாடு வேண்டாம், அந்த டிவியை விட்டுவிடுங்கள்.

ஏவி உள்ள டிவிக்குக் கடையில் இரண்டு சாமான் கிடைக்கும். ஒன்று, ஒரு முனையில் விஜிஏ அல்லது எச்டிஎம்ஐ (படமும் ஒலியும் ஒன்றாகப் போகும் புது வகை இணைப்பு), மறுமுனையில் மூன்று வண்ண ஊசிகள் உள்ள வெறும் ஒயர். இன்னொன்று, நடுவில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய டப்பா வைத்த கன்வெர்ட்டர். ஒயர் மலிவு. காங்கேயத்தில் இருக்கும் என் மாமா அதைத்தான் வாங்கி வந்தார். மாட்டிவிட்டுப் போன் செய்தார்.

"மாப்ள, ஒயரு வாங்கி மாட்டியாச்சு. நீலக் கலர்லயே நிக்குது. கம்ப்யூட்டர் போயிருச்சா, டிவி போயிருச்சா?"

"ரெண்டும் போகலீங்க மாமா. அந்த ஒயரு வேலைக்காகாதுங்க."

"கடைக்காரன் இதான்னு குடுத்தானே."

"அவருக்குத் தெரிஞ்சிருக்காதுங்க. திருப்பிக் குடுத்துட்டு டப்பா வெச்சது கேளுங்க."

ஏன் வேலைக்காகாது? நம் நாட்டுப் படக்குழாய் டிவி பிஏஎல் முறையில் ஓடுவது. ஒரு படத்துக்கு 625 கோடுகள், நொடிக்கு 25 படம், ஆக நொடிக்கு 15,625 கோடுகளை அது வரையும். கம்ப்யூட்டரின் விஜிஏ, மிகக் குறைந்த 640க்கு 480 புள்ளி அளவில்கூட, நொடிக்குச் சுமார் 31,500 கோடுகளை அனுப்புகிறது. தறி ஒரு வேகத்தில் ஓட, நாடா மட்டும் இரட்டை வேகத்தில் பாய்ந்தால் துணி எப்படி வருமோ அப்படித்தான் படமும் வரும். போதாக்குறைக்கு விஜிஏவில் சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனிக் கம்பியில் வருகின்றன, டிவியின் மஞ்சள் ஊசிக்கோ எல்லாம் ஒன்றாகக் கலந்து வர வேண்டும். எச்டிஎம்ஐ இன்னும் தூரம். அது முழுக்க டிஜிட்டல், மஞ்சள் ஊசி அனலாக். நடுவில் ஒரு சிப் உட்கார்ந்து மாற்றிக் கொடுக்காமல் இது நடக்காது. வெறும் ஒயரில் அந்தச் சிப் இல்லை.

அப்படியானால் அந்த ஒயரை எதற்குச் செய்கிறார்கள்? சில பழைய கிராபிக்ஸ் கார்டுகள் தாமே டிவிக்கான சிக்னலைத் தயாரித்து அனுப்பும். அந்த மாதிரிக் கார்டுகளுக்கு ஒயர் போதும். இன்றைக்கு உங்கள் வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டர் அந்த வகையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

கன்வெர்ட்டர் வாங்கினால்

டப்பாவில் கவனிக்க வேண்டியது மூன்று. முதலாவது திசை. எச்டிஎம்ஐயிலிருந்து ஏவிக்கு மாற்றுவதும் ஏவியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றுவதும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், நிறம்கூடச் சமயத்தில் ஒன்றாகவே இருக்கும். கம்ப்யூட்டரிலிருந்து பழைய டிவிக்குப் போக வேண்டுமானால், டப்பாவில் எச்டிஎம்ஐ பக்கம் இன்புட் என்றும் மூன்று வண்ணப் பக்கம் அவுட்புட் என்றும் அச்சிட்டிருக்க வேண்டும். இரு பக்கமும் வேலை செய்யும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இரண்டாவது கரண்ட். இந்த டப்பாவுக்கு யுஎஸ்பி வழியாக 5 வோல்ட் கொடுக்க வேண்டும். எச்டிஎம்ஐயிலிருந்தே எடுத்துக்கொள்ளும் என்று நினைத்து யுஎஸ்பி ஒயரைச் செருகாமல் விட்டால், சில நேரம் மங்கலாக ஏதோ வரும், சில நேரம் ஒன்றும் வராது. லேப்டாப்பின் யுஎஸ்பியிலோ பழைய போன் சார்ஜரிலோ செருகிவிடுங்கள்.

மூன்றாவது, பக்கவாட்டில் இருக்கும் சின்னச் சுவிட்சு. ஒரு பக்கம் அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சி, மறுபக்கம் நம் பிஏஎல். படம் கறுப்பு வெள்ளையாக வந்தாலோ மேலும் கீழும் உருண்டாலோ இந்தச் சுவிட்சு தவறான பக்கம் இருக்கிறது என்று அர்த்தம். நகத்தால் தள்ளி பிஏஎல் பக்கம் வையுங்கள். கன்வெர்ட்டரே கெட்டுப்போச்சு என்று திருப்பிக் கொடுக்கப் போகிறவர்களில் பலருக்கு இந்தச் சுவிட்சைத் தள்ளினாலே போதும்.

லேப்டாப்பில் விஜிஏ மட்டும்தான் என்றால் விஜிஏவிலிருந்து ஏவிக்கு மாற்றும் டப்பாவும் உண்டு. விஜிஏவில் ஒலி வராது என்பதால் இயர்போன் ஓட்டையிலிருந்து தனி ஒயர் போட வேண்டும். 14 அங்குல டிவிகள் பலவற்றில் ஒரே ஸ்பீக்கர்தான், மஞ்சளும் வெள்ளையும் மட்டும் இருக்கும். சிவப்பு ஊசி தொங்கிக்கொண்டிருந்தால் தப்பில்லை. எச்டிஎம்ஐயில் மாட்டியும் சத்தம் வரவில்லை என்றால், டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் படத்தைத் தட்டி ஒலி எங்கே போகிறது என்று பாருங்கள். அது லேப்டாப்பின் ஸ்பீக்கரிலேயே நின்றிருக்கும்.

சரி, எல்லாம் மாட்டி படமும் வந்துவிட்டது. என்ன தெரியும்?

சினிமாப் பாட்டு, கார்ட்டூன், யூடியூப் சமையல், கிரிக்கெட் எல்லாம் நன்றாகவே தெரியும். படக்குழாயின் கறுப்பு உண்மையிலேயே கறுப்பு. பழைய படங்களை அதில் பார்ப்பது மலிவான எல்சிடியில் பார்ப்பதைவிட எனக்குப் பிடிக்கும். திரை நாலுக்கு மூன்று அளவு என்பதால் அகலமான படம் நெடுக்கில் இழுபட்டுத் தெரியலாம். டிஸ்ப்ளே செட்டிங்கில் 1024க்கு 768 வைத்தால் சரியாகும்.

எழுத்துக்கு வாருங்கள். டாலி என்ற கணக்கு மென்பொருளைத் திறந்து ஒரு லெட்ஜரைப் பாருங்கள். பிஏஎல் படத்தில் கண்ணுக்குத் தெரியும் கோடுகள் 576தான். அதையும் டிவி ஒரே மூச்சில் வரைவதில்லை. ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு தடவை, இரட்டைப்படைக் கோடுகள் அடுத்த தடவை. அதனால் எக்ஸெல்லின் மெல்லிய கிடைக்கோடு ஒவ்வொன்றும் நொடிக்கு 25 தடவை எரிந்து அணையும். சினிமாவில் இது தெரியாது, ஏனென்றால் சினிமாவில் ஒரு கோடு தடிமனில் எதுவும் அசையாமல் நிற்பதில்லை. கணக்குத்தாளில் அதைத் தவிர வேறொன்றும் இல்லை. பக்கம் முழுக்க நடுங்கும்.

தமிழ் எழுத்துக்கு இன்னும் மோசம். 3க்கும் 8க்கும் வித்தியாசம் தேட வேண்டியிருக்கும் என்பது ஒரு பக்கம். மெய்யெழுத்தின் புள்ளி அந்த அளவில் ஒரு கோடு, இரண்டு கோடு உயரம்தான், அது ஒரு கணம் இருக்கும், மறுகணம் இருக்காது. ன, ண இரண்டும் ஒரே சுழி மாதிரித் தெரியும். சிவப்பு எழுத்தாக இருந்தால் நிறம் ஓரத்தில் வழிந்து பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், ஏனென்றால் இந்த முறையில் நிறத்துக்கு ஒதுக்கிய இடம் வெளிச்சத்துக்கு ஒதுக்கியதைவிட வெகு குறைவு. எழுத்தைப் பெரிதாக்கலாம். ஆக்கினால் ஒரு பக்கத்துக்கு ஏழெட்டு வரிதான் நிற்கும். பிள்ளை ஆன்லைன் வகுப்பில் ஆசிரியர் போர்டில் எழுதுவதைப் பார்த்து எழுத வேண்டுமென்றால் இதில் உட்கார வைக்காதீர்கள்.

விலை உயர்ந்த கன்வெர்ட்டர் வாங்கினால் தீருமா? தீராது. குறை டப்பாவில் இல்லை, மஞ்சள் ஊசியிலும் படக்குழாயிலும் இருக்கிறது.

பழைய எல்சிடி இருந்தால் கதையே வேறு

2010ஐ ஒட்டி வாங்கிய 22 அல்லது 32 அங்குல எல்சிடி வீட்டில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அதையே பயன்படுத்துங்கள். பின்னால் எச்டிஎம்ஐ இருக்கும், அல்லது பிசி இன் என்று போட்ட விஜிஏ இருக்கும். இதில் படம் வராததற்குக் காரணம் பெரும்பாலும் அளவுதான். டிவி தாங்குவது பெரும்பாலும் 1360க்கு 768, நொடிக்கு 60 தடவை. கம்ப்யூட்டர் அதைவிடப் பெரிய அளவையோ 75 தடவையையோ அனுப்பினால் மோட் நாட் சப்போர்ட்டட் என்று ஒரு வரி வந்து நின்றுவிடும். படம் வராத திரையில் அளவை எப்படி மாற்றுவது? வேறு மானிட்டர் ஒன்றை இரவல் வாங்கி, 1024க்கு 768, 60 என்று வைத்துவிட்டு டிவிக்கு மாற்றுங்கள். விண்டோஸ் 7 என்றால் ஆன் செய்யும்போது எஃப்8 தட்டினால் லோ ரெசல்யூஷன் என்று ஒரு வழி கிடைக்கும். அதில் இறங்கினால் எந்த டிவியிலும் தெரியும்.

டாஸ்க்பார் பாதி வெட்டுப்பட்டுத் தெரிந்தால் அது கோளாறு இல்லை. டிவிகள் பழைய பழக்கத்தில் ஓரத்தைக் கொஞ்சம் வெளியே தள்ளிக் காட்டும். படத்தின் அளவை மாற்றும் மெனுவில் ஜஸ்ட் ஸ்கேன், ஸ்கிரீன் ஃபிட் என்பது போன்ற பெயரில் ஒன்று இருக்கும். சில டிவிகளில் அந்த எச்டிஎம்ஐக்குப் பிசி என்று பெயர் மாற்றினால் தானாகவே சரியாகிவிடும். எழுத்தும் பளிச்சென்று ஆகும்.

விஜிஏ கேபிளைச் செருகும் முன் ஊசிகளை ஒரு தடவை பாருங்கள். நடு வரிசையில் ஒரு ஊசி இல்லாமல் இருப்பது பல கேபிள்களில் வழக்கம்தான், உடைந்துவிட்டது என்று பதற வேண்டாம். வளைந்த ஊசிதான் வம்பு. மலிவு கேபிள்களில் டிவி தன்னைப் பற்றிச் சொல்லும் கம்பிகளையே விட்டிருப்பார்கள். அப்போது கம்ப்யூட்டருக்கு எதிரே ஒரு திரை இருப்பதே தெரியாது.

மானிட்டர், பேனல், புது டிவி

எழுத்து வேலைதான் முக்கியம், வீட்டில் இருப்பது படக்குழாய் டிவி என்றால் என் ஓட்டு செகண்ட் ஹேண்ட் மானிட்டருக்குத்தான். திருப்பூரிலும் கோவையிலும் அலுவலகங்கள் கம்ப்யூட்டர்களை மாற்றும்போது 17, 19 அங்குல மானிட்டர்கள் மொத்தமாகச் சந்தைக்கு வரும். காந்திபுரத்துக் கடைகளிலும் ஈரோட்டிலும் கேட்டால் இரண்டாயிரத்துக்கு முன்பின் கிடைக்கும். சதுரமாக இருக்கும் 17 அங்குலத்தை யாரும் சீந்தமாட்டார்கள், அதனால் அது இன்னும் மலிவு. ஆனால் அது 1280க்கு 1024 புள்ளிகள் கொண்டது. கணக்குத்தாளுக்கு உயரம் அதிகம் கிடைப்பதால் அகலத் திரையைவிட அதுவே வசதி என்பேன்.

வாங்கும்போது வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திரை முழுக்கத் திறந்து, கோடு விழுகிறதா, மூலை மஞ்சளாக மங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பத்து நிமிடம் ஓட விடுங்கள். பேக்லைட் (திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு) போகும் நிலையில் இருக்கும் மானிட்டர் சிவந்து தெரியலாம், அல்லது முதல் நிமிடம் நன்றாக எரிந்துவிட்டுப் பிறகு மின்னலாம். அடாப்டர் தனியாக வருகிற மாடல் என்றால் அதையும் கேட்டு வாங்க வேண்டும். மானிட்டரில் விஜிஏ மட்டும், லேப்டாப்பில் எச்டிஎம்ஐ மட்டும் என்றால் எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு ஒரு சின்னக் கன்வெர்ட்டர் போதும். இது படத்தைச் சுருக்குவதில்லை, அதனால் எழுத்து கெடாது. இங்கேயும் திசையைப் பாருங்கள். பெரும்பாலான அலுவலக மானிட்டர்களில் ஸ்பீக்கர் கிடையாது.

லேப்டாப்புக்கே புதுத் திரை போடுவது பற்றி: பேனலுக்கும் கூலிக்கும் சேர்த்துச் சில ஆயிரம் ஆகும். லேப்டாப் கல்லூரிக்கு எடுத்துப் போகிற நிலையில் இருந்தால், பேட்டரியும் நன்றாக இருந்தால், அது நியாயமான செலவு. பத்து வயது தாண்டிய லேப்டாப்புக்கு வேண்டாம். அதே பணத்தில் மானிட்டர் வாங்கினால், நாளைக்கு லேப்டாப்பே போனாலும் மானிட்டர் மிஞ்சும்.

புது 32 அங்குல டிவி வாங்கினால் எல்லாத் தொல்லையும் தீரும். ஆனால் மலிவான 32 அங்குலத்தில் இருக்கும் புள்ளிகள் பெரும்பாலும் 1366க்கு 768தான். அருகில் உட்கார்ந்து தட்டச்சு செய்தால் எழுத்து பெரிதாகத் தெரியும், தெளிவாகத் தெரியாது. வீட்டுக்கு எப்படியும் டிவி வாங்கப் போகிறீர்கள் என்றால் சரி, கம்ப்யூட்டருக்காக என்று வாங்க வேண்டாம்.

கரண்ட் செலவைக் காரணமாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 14 அங்குலப் படக்குழாய் டிவி சுமார் 55 வாட், 19 அங்குல எல்இடி மானிட்டர் சுமார் 20 வாட். வித்தியாசம் 35 வாட். தினம் ஐந்து மணி நேரம், இரண்டு மாதம் ஓட்டினால் பத்து யூனிட்டுக்குச் சற்று மேல். குறிப்பிட்ட யூனிட் வரை இலவசமாக வரும் நம் ஊரில் இதை வைத்து முடிவெடுக்க ஒன்றும் இல்லை.

பிள்ளைக்குப் புரோகிராமிங் சொல்லிக்கொடுக்க ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டரை வாங்குகிறவர்களுக்கு மட்டும் ஒரு வரி. பை மூன்றிலும் நான்கிலும் இயர்போன் ஓட்டை போல இருப்பதிலேயே ஏவி சிக்னலும் வருகிறது, டப்பா தேவையில்லை. நான்கில் அதை அமைப்புக் கோப்பில் தனியாக இயக்கிவிட வேண்டும், இரண்டிலும் பிஏஎல் என்று குறிப்பிட வேண்டும். பழைய வீடியோ கேமரா ஒயரை மாட்டினால் உள்ளே வரிசை மாறியிருக்கும், மஞ்சளுக்குப் பதில் சிவப்பு ஊசியில் படம் வரலாம். எழுத்து நடுங்குவது இதிலும் நடுங்கும்.

எர்த் இல்லாத வீட்டில்

இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் கன்வெர்ட்டர்களும் எச்டிஎம்ஐ ஓட்டைகளும் சாவதற்கு இது பெரிய காரணம். தோட்டத்து வீடுகளான சாளைகளிலும் பழைய ஓட்டு வீடுகளிலும் மூன்று ஓட்டை பிளக் இருக்கும், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. இருந்தாலும் கோடையில் எர்த் குழி காய்ந்து கிடக்கும். அப்படிப்பட்ட வீட்டில் டெஸ்க்டாப்பின் இரும்புப் பெட்டியில் 230 வோல்ட்டில் பாதி நிற்கும். பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் கெபாசிட்டர்கள்தான் காரணம். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் தொட்டால் சுர்ரென்று ஒரு கடி, அவ்வளவுதான். ஆனால் வெளியே கம்பத்திலிருந்து வரும் கேபிள் டிவி ஒயரின் உறை வேறு நிலையில் இருக்கும். டிவியில் கேபிளும் செருகியிருந்து, கம்ப்யூட்டரும் ஓடிக்கொண்டிருக்கும்போது எச்டிஎம்ஐயைச் செருகினால், அந்த வித்தியாசம் முழுக்க அந்தச் சின்ன ஊசிகள் வழியாகப் பாயும். பொறி தெறிப்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

எனவே முதல் தடவை மாட்டும்போது கம்ப்யூட்டர், டிவி இரண்டின் பிளக்கையும் பிடுங்கி, கேபிள் டிவி ஒயரைக் கழற்றிவிட்டு, வீடியோ ஒயரைச் செருகி, அப்புறம் டிவியை முதலிலும் கம்ப்யூட்டரைப் பிறகும் ஆன் செய்யுங்கள். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகுவது நல்லது. எர்த் குழியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றுவதும் வீண்போகாது, எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் இழுப்பது அதைவிட நல்லது.

படக்குழாய் டிவியின் முதுகை மட்டும் யாரும் திறக்க வேண்டாம். உள்ளே 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் குழாய் வெகுநேரம் அதைப் பிடித்து வைத்திருக்கலாம். மானிட்டர் வாங்கிவிட்டு டிவியைக் கழிப்பதாக இருந்தாலும், பழைய இரும்புக்காரரிடம் போட்டு உடைக்க விடாதீர்கள். அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. மின்கழிவு எடுக்க அனுமதி பெற்றவர்களிடம் கொடுங்கள்.

மாமா என்ன செய்தார் என்றால், ஒயரைத் திருப்பிக் கொடுக்கப் போனவர் கடையில் கன்வெர்ட்டரையும் மானிட்டரையும் இரண்டையும் விலை கேட்டிருக்கிறார். அவருக்கு மஞ்சள் கிழங்கு விற்ற கணக்கும் ஆள் கூலியும் டாலியில் ஏற்ற வேண்டும். மானிட்டரை எடுங்கள் என்றேன். அத்தை நாலு நாள் கழித்து, டிவி சும்மாதானே இருக்கிறது, சாயங்காலம் பக்திப் பாட்டு போட ஒரு வழி சொல்லேன் என்றார். அதற்கு அந்தக் கன்வெர்ட்டர் டப்பா போதும். கடைக்குப் போகும் முன் டிவியின் பின்பக்கத்தையும் லேப்டாப்பின் இரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். முடிந்தால் லேப்டாப்பையே எடுத்துக்கொண்டு போய், கடையில் ஏவி உள்ள ஏதாவது ஒரு டிவியில் போட்டுக் காட்டச் சொல்லி, படம் கலரில் வந்த பிறகு காசைக் கொடுக்கச் சொன்னேன்.